அரசியின் இடப்பக்கம்

அத்தான்,

போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் நாடக சபை மண்டபத்தின் பின்னறைக்குள் நுழைந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. தேங்காயெண்ணெயில் குழைத்த முத்துவெள்ளை. ஆண்டு விழாவின் முடிவில் ஒரு சிறு நாடகம் இருந்ததால், குமாஸ்தாப் பையன் ஒருவன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகத்தில் அதை அப்பிக்கொண்டிருந்தான். நான் அக்காவுக்கு முதுகு சாய்க்கிற மாதிரி ஒரு நாற்காலி கேட்கப் போனவன். கேட்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வீட்டில் உங்கள் சட்டைகள் மடித்தபடி இருக்கின்றன, உங்கள் ஆர்மோனியம் துணி போர்த்தி இருக்கிறது. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் வராத உங்கள் முகம் அந்த வாசனையில் வந்தது. வெள்ளை பூசி, மீசை ஒட்டி, சங்கடத்தோடு சிரிக்கிற முகம். வேடம் போடத் தெரியாத ஆள் நீங்கள். கிரீடம் வைத்தாலும் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாகத்தான் தெரிவீர்கள்.

இந்த மடலை நான் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பப் போவதில்லை. அனுப்பினாலும் போடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நீங்கள் ராஜா வேடம் கட்டிய அந்தப் பழைய நாடகத்தை எழுதியவன் நான். சபை அச்சடித்த எந்த நோட்டீஸிலும் என் பெயர் இல்லாததால் இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலாந்து சரித்திரம் படித்தபோது, நாடாண்ட ஓர் அரசியின் கணவரைப் பற்றிப் புத்தகத்தில் இரண்டு வரி இருந்தது. மணந்தார், இறந்தார். நடுவில் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுந்து கேட்டேன். வாத்தியார் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேனே தவிர மறக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாகி, சபையில் சேர்ந்த பிறகு அந்த இரண்டு வரிக்கு நடுவில் இருந்ததை நாடகமாக எழுதினேன்.

ஒரு தீவு நாடு. ஆண் வாரிசு இல்லாததால் இளவரசி பட்டத்துக்கு வருகிறாள். வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவன் அவளை மணந்து அவள் அரண்மனையிலேயே தங்குகிறான். அவனுக்கு முடி கிடையாது, மந்திராலோசனையில் இருக்கை கிடையாது. அமைச்சர்கள் அவளை வணங்கிவிட்டு அவனைத் தாண்டிப் போகிறார்கள். மூன்றாம் அங்கத்தில் அவனுக்கு ஒரு நீண்ட வசனம் வைத்திருந்தேன். தன் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாத அந்த ஊரைப் பார்த்து அவன் கொதிக்கிற இடம். நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். இன்றைக்கும் முழுசாகச் சொல்வேன்.

அரசி வேடத்துக்குத்தான் ஆள் இல்லை. எங்கள் சபையில் பெண் வேடம் கட்டி வந்தவரை ஈப்போவுக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா பஜனை மடத்தில் பாடுவதை ஊரே கேட்டிருந்தது. அந்தக் குரல் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது என்று நான்தான் முதலில் கேட்டேன். குடும்பப் பெண் மேடையேறுவதா என்று பெரிய சண்டை நடந்தது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். அரசிக்குக் கணவனாக வருகிறவன் அவளுடைய சொந்தக் கணவனாகவே இருக்க வேண்டும். வேறு ஆண் அவள் பக்கத்தில் நிற்கக் கூடாது. அதுவரை திரைக்கு முன்னால் வந்தே இராத நீங்கள் அப்படித்தான் ராஜாவானீர்கள்.

அதற்கு முன்பே ஊர் உங்களுக்கு ஒரு பட்டம் கொடுத்திருந்தது. அப்பாவுக்குக் கண் மங்கியதால் அக்காவை வெளியே அனுப்ப அவருக்கு மனமில்லை. நீங்கள் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கே வந்து தங்கினீர்கள். வீட்டோடு மாப்பிள்ளை. பாசாரில் மீன் விற்கிறவர்கூட, “வீட்டுல அம்மாவைக் கேட்டுட்டு வந்து வாங்குங்கண்ணே” என்பார். நீங்கள் சிரித்துவிட்டு மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பீர்கள். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் காது சிவக்கும்.

ஒத்திகையின் முதல் நாள் நீங்கள் என்னைத் தனியே கூப்பிட்டீர்கள்.

“எனக்கு வசனம் வேணாம் மச்சான். எல்லாத்தையும் எடுத்துடு. நான் சும்மா அவ பக்கத்துல நிக்கிறேன்.”

கூச்சம் என்று நினைத்தேன். போகப் போகச் சரியாகிவிடும், இந்த வசனத்தைப் பேசினால் கிள்ளான் வரைக்கும் உங்கள் பேர் கேட்கும் என்றேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். பிறகு அக்காவின் காது விஷயத்தைச் சொன்னீர்கள்.

முந்தின வருஷம் கிள்ளானில் பெரியம்மா வீட்டுக்குப் போனவள் கடும் காய்ச்சலோடு திரும்பி வந்தது எனக்குத் தெரியும். கொய்னா மருந்து குடித்துக் காய்ச்சல் இறங்கியதும் தெரியும். அப்போது அடைத்த வலக்காது அதன் பிறகு திறக்கவே இல்லை என்பதை, ஒரே வீட்டில் இருந்தும், நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் சபையில் ஆர்மோனியக்காரர் உட்காருவது மேடையின் வலப்பக்கம். வீட்டுக் கூடத்திலும் மடத்திலும் அக்கா சமாளித்துவிட்டாள். கூட்டம் இரைகிற கொட்டகையில் அந்தப் பக்கத்துச் சுருதி அவளுக்கு எட்டாது. ஆர்மோனியத்தை இடம் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

“நான் இடப்பக்கம் நின்னு வாய்க்குள்ள சுருதி குடுத்துக்கிட்டே இருப்பேன். வசனம் வச்சா வாய் அதுக்குப் போயிடும்ல. காது மந்தம்னு தெரிஞ்சா சபையில ஒருத்தனும் அவள ஏத்தமாட்டான். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அவ எங்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான் மச்சான். மேடையில நின்னு பாடணும்னு.”

அன்றைக்கு ராத்திரியே என் வசனத்தை என் கையால் கோடு போட்டு அடித்தேன். அடிக்கும்போது உங்கள் மேல் கோபம் இருந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்த வசனத்தைப் படித்த யாருக்கும் கோபம் வரும்.

நாடகம் பிரிக்பீல்ட்ஸில் நன்றாகவே போனது. அக்கா நடுவில் அரியணையில் உட்காருவாள், எழுந்து பாடுவாள். அவளுடைய இடப்பக்கம், ஓர் அடி பின்னால் தள்ளி, நீங்கள் நிற்பீர்கள். உங்கள் உதடு அசையாது. முன்வரிசைக்கும் கேட்காது. அவள் தோள் மட்டும் ஒரு கணம் தளர்ந்து நிமிரும். சுருதி கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். கணவன் இடப்பக்கம் நிற்பது நம் வழக்கமில்லையே என்று சிலர் கேட்டார்கள். தீவு நாட்டு வழக்கம் அது என்று அமைச்சர் வாயில் ஒரு வரி வைத்துச் சமாளித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சபைக்குப் புதிய செயலாளர் வந்தார். இன்றைக்கும் அவர்தான் செயலாளர். கிள்ளானில் நாடகம் போட ஏற்பாடு செய்தது அவர். அதை நான் மறுக்கவில்லை. பாசாருக்குப் பக்கத்தில் பெரிய தகரக் கொட்டகை. ஒரு சீன முதலாளி, தவுக்கே, வீட்டிலிருந்து செதுக்கு வேலை செய்த கருமரச் சிங்காதனம் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். அதைக் கொண்டுபோய் ராஜாவுக்குப் போட்டார். அக்காவுக்கு அதன் இடப்பக்கம் ஒரு சின்ன நாற்காலி. இது அரசி ஆளுகிற நாடகம் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் உங்களைப் பார்த்துப் பேசினார்.

“தாலி கட்டுற வரைக்கும்தான்யா பொண்ணு வலப்பக்கம் உக்காரும். இவங்க கல்யாணமான ராஜா ராணி. நீர் போயி இடப்பக்கம் நின்னா கிள்ளான்காரன் என்ன நினைப்பான்? இன்னும் தாலி கட்டலன்னு நினைப்பான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மறுபடி வாயைத் திறந்தேன். நாடகம் எழுதினவர் எழுதியாயிற்று, மேடை தன் பொறுப்பு என்றார். நீங்கள் “சரிங்க” என்று மட்டும் சொன்னீர்கள். அக்கா உங்களைப் பார்த்தாள். நீங்கள் கண்ணை மூடித் திறந்தீர்கள். உங்களுக்குள் அது என்ன பேச்சோ, எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்தால் நீங்கள் அவளுடைய செவிட்டுக் காதுப் பக்கம் இருப்பீர்கள் என்பது மட்டும் தெரிந்தது.

ரப்பர்த் தோட்டத்து ஜனங்கள் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று சாயங்காலம் நாலு மணிக்கே தொடங்கினோம். கேரித் தீவிலிருந்து படகேறி வந்தவர்கள், லோரியில் நின்றபடி வந்தவர்கள், முன்வரிசையில் கிள்ளான் செட்டியார்கள். முதல் இரண்டு அங்கமும் பேச்சுத்தான். எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்தே அக்கா பேசிவிட்டாள். மூன்றாம் அங்கத்தில் அமைச்சர் வந்து, பெண் ஆண்டது போதும், உன் கணவனுக்கு முடிசூட்டு என்கிறார். அதற்கு அரசி பாட்டாகப் பதில் சொல்ல வேண்டும். நாடகமே அந்தப் பாட்டில்தான் நிற்கிறது.

அமைச்சர் பேசி முடிக்கவும் மழை இறங்கியது. கிள்ளான் மழை, தகரக் கூரை. ஆர்மோனியக்காரரின் கை போய்ப் போய் வருவது தெரிந்தது. அவர் பக்கத்திலேயே நின்றிருந்த எனக்குச் சத்தம் பாதிதான் கேட்டது. அக்கா எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். ஆர்மோனியக்காரர் திரும்பவும் எடுத்துக் கொடுத்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. “பாட்டு மறந்துபோச்சு போல” என்று யாரோ சொன்னது மழையைத் தாண்டி வந்தது. குடும்பப் பொம்பளையை மேடையேற்றினால் இப்படித்தான் என்று அடுத்து வரும் என எனக்குத் தெரியும். அக்காவின் விரல்கள் புடவை மடிப்பைப் பிடித்திருந்தன.

நீங்கள் சிங்காதனத்தை விட்டு எழுந்தீர்கள்.

எழுந்து அவளுக்குப் பின்புறமாக நடந்து போனீர்கள். இடப்பக்கக் கோடியில், தோழி வேடம் போட்ட தபால் குமாஸ்தா சாமரத்தோடு நின்றிருந்தார். அவர் கையிலிருந்து சாமரத்தை வாங்கினீர்கள். அவர் கொடுக்காமல் ஒரு நொடி இழுத்துப் பிடித்தார். பிறகு நீங்கள் அக்காவின் இடப்பக்கம் வந்து நின்று வீசத் தொடங்கினீர்கள். பட்டு உடுத்திய ராஜா, கூலிக்கு நிற்கிற தோழி மாதிரி.

கொட்டகை சிரித்தது. மழையையும் மீறிச் சிரித்தது.

“என்னப்பா, ராசாவயே விசிறி போட விட்டுட்டாங்க.”

“வீட்டோட மாப்பிள்ளைன்னா எல்லா வேலையும் செய்யணும்லா.”

ஓரத்தில் செயலாளர் கையைக் கீழே அழுத்தி அழுத்தி, “உக்காருய்யா, உக்காரு” என்றார். நீங்கள் திரும்பவில்லை. சாமரம் வீசுகிற சாக்கில் அவள் காதருகே குனிந்தீர்கள். அக்காவின் தோள் தளர்ந்தது, நிமிர்ந்தது.

அவள் பாடினாள். அதை வர்ணிக்க எனக்குத் தெரியும், ஆனால் வேண்டாம். முதல் அடி முடிவதற்குள் சிரிப்பு நின்றது. சரணத்துக்கு வந்தபோது மழை விடவில்லை, ஆனால் மழையைக் கேட்டவர் அங்கே யாரும் இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு தோட்டத்துப் பெண் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் கடைசி வரை வீசிக்கொண்டே இருந்தீர்கள்.

திரும்புகிற ரயிலில் அக்கா எதிர் இருக்கையில் கடலை உரித்துத் தின்றுகொண்டு வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. செயலாளர் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்து, உங்களை இனிச் சபைக் கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். உண்மையைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

“சொன்னா என்ன ஆகும் தெரியுமா மச்சான்? பாடினது அவளா, இவனான்னு கேப்பான். அவ பாட்டு அவளோடது இல்லன்னு ஆயிடும். விடு.”

என்னால் விட முடியாது என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

“அரசிக்குப் புருஷனா இருக்கிறதும் ஒரு உத்தியோகந்தான். எட்டு மணிக்கு வந்து அஞ்சு மணிக்குப் போற உத்தியோகம் இல்ல, அவ்வளவுதான்.”

அதன் பிறகு உங்களுக்குச் சாமரராஜா என்று பேர். சரக்கு அலுவலகத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பாசாரில் கூப்பிட்டார்கள். சபையின் குழுப் படத்தில் அக்கா நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறாள், நீங்கள் இல்லை. வேடத்துக்கு மட்டும் உங்களை விட்டுவைத்தார்கள். வேறு ஆண் நிற்கக் கூடாது என்று அவர்களே வைத்த நிபந்தனையை அவர்களால் மீற முடியவில்லை. பிறகு எத்தனையோ ஊர்களில் போட்டோம். பார்க்கிறவர்கள் சாமரத்தைக் காணத்தான் வருகிறார்கள் என்று செயலாளரே கண்டுகொண்டு, அதை வேடிக்கைக் கட்டமாக நோட்டீஸில் போட்டார். என் பெயருக்கு இடமில்லாத நோட்டீஸில் அதற்கு இடம் இருந்தது.

பிறகு அவளுடைய இடக்காதும் மெல்ல அடைக்க ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை மடத்தில் பாட்டின் நடுவில் நிறுத்தினாள். நீங்கள் பக்கத்தில் இருந்தும் நிறுத்தினாள். அன்றோடு சரி. ஏன் பாடவில்லை என்று சபைக்காரர்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். நீங்கள் வாசலை மறித்த மாதிரி நின்று, “நான்தான் போதும்னு சொல்லிட்டேன்” என்றீர்கள். செவிடாகிப் பாட்டை விட்டாள் என்றால் எப்போதிலிருந்து செவிடு என்று கேட்பார்கள், அதனால்தான் என்று அப்புறம் என்னிடம் விளக்கினீர்கள். ஊர் உடனே நம்பியது. மனைவிக்குக் கிடைத்த கைதட்டலைப் பொறுக்காத புருஷன், சாமரம் வீசிய அவமானத்துக்குப் பழிவாங்கிவிட்டான் என்றார்கள். அவளுக்குக் காது கேட்காது என்று சில வருஷம் கழித்து எல்லாருக்கும் தெரிந்தபோது, வயசானால் வருவதுதானே என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் புத்தி போகவில்லை.

நீங்கள் அதையும் சுமந்துகொண்டு வேலைக்குப் போனீர்கள், மீன் வாங்கினீர்கள், தைப்பூசத்துக்கு அவளைப் பத்துமலைக்குக் கூட்டிப் போனீர்கள். நான் மட்டும் எதையும் மறக்காமல் இருந்தேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் தலைமைக் குமாஸ்தா ஆனதைக்கூட நான் இவ்வளவு கூர்மையாக நினைவில் வைத்திருக்கவில்லை.

போன ஞாயிறு அவர்கள் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குத்தான் அழைத்திருந்தார்கள். போர்த்திவிட்டுச் செயலாளர் பேசினார். தலை நரைத்திருக்கிறதே ஒழியக் குரல் மாறவில்லை. இந்த மலாயாவில் அப்படியொரு குரல் இனி வராது என்றார். அது சரி. பிறகு கிள்ளான் கதையை எடுத்தார். சாமரம் வீசுவது மாதிரி கையை ஆட்டிக் காட்டினார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும், “போய்ச் சேர்ந்தவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் அந்தக் குரலை அடக்கி வீட்டில் வைத்த பொறாமையைத்தான் நம்மால் மன்னிக்க முடியவில்லை” என்றார்.

நான் எழுந்து நின்றேன். நீங்கள் இல்லை, இனி எனக்குத் தடை இல்லை. சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஆற்றொழுக்காக வந்திருக்கும், நான் பேசத் தெரிந்தவன். செயலாளர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது.

அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். எல்லாரும் சிரித்ததைப் பார்த்திருக்கிறாள், ஏனென்று தெரியவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் அவள் இப்போதெல்லாம் சத்தமாகத்தான் பேசுகிறாள்.

“என்னடா சொன்னாரு?”

மடியில் பொன்னாடை இருந்தது. முகம் நிமிர்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது, நான் பேசப்போவதின் முடிவில் மண்டபம் என்ன கேட்கும் என்பது தெரிந்தது. ரயிலில் நீங்கள் சொன்ன அதே கேள்வி. பாடினது அவளா, இவனா.

அவள் என் உதட்டைப் படிக்கும்படி மெதுவாகச் சொன்னேன்.

“உங்க பாட்டைப் பத்தி. அந்த மாதிரி இன்னொரு குரல் வரவே இல்லையாம்.”

“அவரைப் பத்தி?”

“அவரைப் பத்தியும் நல்லாத்தான்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“பொய் சொல்றப்ப நீ உங்க அத்தான் மாதிரியே இருக்க.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒன்றிரண்டு பேர் மரியாதைக்காகச் சிரித்தார்கள். அக்கா எழுந்தாள். மேடையைப் பார்த்து, சபையைப் பார்த்து, கை கூப்பினாள். அரசி மாதிரித்தான், அத்தான். அப்படியொரு வணக்கத்துக்குப் பின்னால் யாராலும் பேச முடியாது. செயலாளரால்கூட முடியவில்லை. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

இதை மன்னிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் விடச் சொன்னதை நான் விடவில்லை, விடப்போவதும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு நன்றாகப் பொருந்துகிறது. இத்தனை வருஷம் கூடவே வந்தது, இனியும் வரும். வாயை மூடிக்கொண்டு அதைச் சுமக்க முடியும் என்பது மட்டும் ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

விழா முடிந்து வெளியே வந்தோம். வாசலில் நெரிசல். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நான் போய்ச் செருப்புக் குவியலில் தேடி அவள் செருப்பை எடுத்து வந்தேன். செயலாளர் என் எதிரில் வந்து நின்றார். வருஷக்கணக்காகப் பேசாதவர், அன்றைக்கு என்னவோ சிரித்தபடி கையை நீட்டினார். என் ஒரு கையில் அக்காவின் செருப்பு, மறு கையில் அவள் பையும் பொன்னாடையும். அவர் என் கைகளைப் பார்த்தார், நான் அவருடைய கையைப் பார்த்தேன். என் கை காலியாக இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் காலியாக இல்லை; எனக்கு வேலை இருந்தது. அவரைச் சுற்றிக்கொண்டு அக்காவிடம் போனேன்.